இருபது நிமிடம் பின்தங்கிய கடிகாரம்

வெள்ளிக்கிழமை. பிற்பகல் மணி 3.30.

தாராவியில், பள்ளிவாசல் சந்தில், தளவாயின் தோல்பைப் பட்டறை. ஷட்டர் முழுசாகத் தூக்கியிருந்தது. லேசர் வெட்டும் இயந்திரத்தின் அடியில் சுரேந்திரன் குப்புறக் கிடந்தான். வயது இருபத்தேழு. அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவனே அவன்தான். தலைமாட்டில் சொல்யூஷன் டப்பா ஒன்று மூடி திறந்து கிடந்தது. தோலை ஒட்டும் அந்தப் பசையின் நெடி சந்துமுனை வரைக்கும் அடித்தது.

"யாராவது ஓடியாங்கலே! பையன் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கான்!" என்று முதலாளி தளவாய் வாசலில் நின்று கத்தினார்.

முதலில் ஓடி வந்தவன் வாசிம். அதே பட்டறையில் தையல் வேலை பார்க்கிறவன். சுரேந்திரனோடு ஒரே அறையில் ஆறு வருஷம் பாய் விரித்துப் படுத்தவன். நண்பனின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தான். பிறகு அந்தக் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான்தான். நான்தானே பூட்டினேன்."

அந்த மூன்று வார்த்தை போதாதா போலீசுக்கு? நாலேகாலுக்கெல்லாம் வாசிம் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தான்.

மணி 5.15.

இசக்கிசெல்வி சந்துக்குள் நுழைந்தாள். மாட்டுங்கா லேபர் கேம்பில் பத்துக்குப் பத்து கடை வைத்திருக்கிறாள். லேசர் இயந்திரம், எம்பிராய்டரி இயந்திரம் என்று எதில் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தாலும், அது மக்கர் பண்ணினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கேமரா பதிவு எடுத்துக் கொடுக்க போலீசும் கூப்பிடும். வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம்.

சந்துமுனையில் வாசிமின் தாய் மதீனா பீவி வழிமறித்தாள்.

"செல்வி, எம் மவன் தானாவே ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கான். தொழுதுட்டு வந்து, சோறு வாங்கிட்டு, அந்தப் புள்ளைக்காகப் படியிலயே காத்துக் கெடந்திருக்கான். உள்ள கெடக்கான்னு தெரியாதே அவனுக்கு! ஏழு மணிக்கு கேஸ் எழுதிருவாங்களாம். ஒனக்கு மிசின் பாஷ தெரியும்லா? அதுக்கிட்ட கேட்டுச் சொல்லும்மா."

"கேக்கேன் சாச்சி. அழாதீய."

பட்டறை வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடேஷ் நின்றிருந்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. கேஸ் அவருக்கு ஏற்கெனவே முடிந்த மாதிரிதான்.

"சிம்பிள் மேடம். வெள்ளிக்கிழமை வழக்கம் உங்களுக்கே தெரியும்."

தெரியும். பட்டறையின் புகைபோக்கி விசிறி சந்தைப் பார்த்து இருக்கிறது. ஜும்மா அன்றைக்குப் பள்ளிவாசல் நிறைந்து, சந்தில் பாய் விரித்துத் தொழுவார்கள். தொழுகிறவர்கள் முகத்தில் புகை அடிக்கலாமா? அதனால் பன்னிரண்டே முக்காலுக்கு பாங்கு கேட்டதும் இயந்திரம் நிற்கும். எல்லோரும் வெளியே வருவார்கள். கடைசி ஆள் வாசிம். ஷட்டரை இறக்கிப் பூட்டி, வெளிச்சுவரில் தகர மூடிக்குள் இருக்கும் சுவிட்சைத் தட்டி விசிறியை நிறுத்துவான். மூன்றரைக்குத்தான் மறுபடி திறப்பு. யாரும் சட்டம் போடவில்லை. பல வருஷ மரியாதை அது.

"சுரேந்திரன் மேல பரண்ல தூங்கிட்டிருந்திருக்கான். வாசிம் பாக்காம பன்னெண்டு நாப்பத்தேழுக்குப் பூட்டிட்டான். ஃபேனும் ஆஃப். மே மாசச் சூடு, தெறந்த சொல்யூஷன். எந்திரிச்சு எறங்கி வந்தவன் கீழ விழுந்துட்டான். பஸ், அவ்வளவுதான். அலட்சியத்தால மரணம். மிசின் கடைசியா எப்ப ஓடிச்சுன்னு ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்கோ."

"கம்ப்யூட்டர யாராவது தொட்டீயளா?"

"நான் வந்ததுலேர்ந்து யாரும் தொடல. ஆன்லதான் இருக்கு."

"செத்த நேரம்?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் போன்ல சொன்னார். ரெண்டரைக்கு மேல, மூணுக்குள்ள."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டே முக்காலிலிருந்து ரெண்டரை வரை அந்த நெருப்புப் பெட்டிக்குள் ஒருத்தன் உயிரோடு இருந்திருக்கிறான்.

அப்போது உள்ளே போன் அடித்தது. சுவரில் அறைந்திருந்த இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது சத்தம்.

தளவாயின் பட்டறையில் காலையில் நுழைந்ததும் எல்லோரும் போனை அந்தப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வீடியோ பார்ப்பார்களாம், வேலை கெடுமாம். சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும், திரும்ப வந்ததும் பெட்டிக்குப் போகும். சாவி தளவாயின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். சுவரில் கடிகாரமும் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் என்பது இயந்திரத்தின் திரை காட்டுவதுதான்.

"நாலு மணிலேர்ந்து அடிச்சிட்டேயிருக்கு" என்றார் வெங்கடேஷ்.

"தெறங்க அண்ணாச்சி."

தளவாய் சாவியைப் போட்டார். பூட்டு லேசில் திறக்கவில்லை. புதுப் பூட்டு, ஆனால் மேலெல்லாம் பொடிப்பொடியாகத் துரு. தொட்ட செல்வியின் விரலில் காவி ஒட்டியது. பூட்டின் வளையத்தைச் சுற்றி கத்தரிக்கோலால் நெம்பிய கீறல்கள். அந்தக் கத்தரி கீழேதான் கிடந்தது. அதன் முனையும் துரு.

உள்ளே ஒரே ஒரு போன். சுரேந்திரனுடையது.

"மத்தியானம் இவன் போன எடுக்கலையா?"

"எடுக்கல. காலையில போட்டது அப்பிடியே கெடக்கு. அவந்தான் பரண்ல தூங்கிட்டானே."

"காலையில எத்தன மணிக்கு மிசின் போட்டீய?"

"ஒம்பதே முக்கால்."

"எப்ப நிப்பாட்டினீய?"

"பாங்கு சொன்னதும். பன்னெண்டே முக்கால்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரு ஓட்டுவா? சாத்தில்லா கெடக்கு!"

"என்ன வெட்டினீய? ரெக்சினா?"

"தோலு மட்டுந்தான்."

"நீங்க எங்க இருந்தீய?"

"பாங்குக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். மாட்டுங்காவுல சாப்பாடு. ஒண்ணு இருவத்திரெண்டுக்கு பில்லு இருக்கு, பாத்துக்க. மூணரைக்கு வந்து தெறந்தேன்."

போன் மறுபடி அடித்தது. திரையில் 'சாதனா' என்று பெயர். செல்வி அதை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள்.

"ஏங்க, எத்தன தடவ அடிக்கேன்! எடுக்க மாட்டீயளா?" கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண்குரல். கோபம் பாதி, கொஞ்சல் பாதி. அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"நான் மிசின் ரிப்பேர் பாக்குற செல்வி. அவரு போன இங்க வச்சிட்டாரு. கடைசியா எப்ப பேசினாரு ஒங்ககிட்ட?"

"மத்தியானம். இருங்க, பாத்துச் சொல்லுதேன். பன்னெண்டு அம்பத்தொண்ணு. மூணு நிமிஷம் பேசியிருக்காவ. யாரோ கூப்பிடுதாவன்னு வச்சிட்டாவ. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் கூப்பிடுதேன்."

"அவங்கள நாஞ் சொன்னேன்னு ஒடனே பேசச் சொல்லுங்க."

"சரி" என்றாள் செல்வி. தன்னைப் போல ஒரு ஈனப்பிறவி இந்தச் சந்தில் இல்லை என்று தோன்றியது. தகவலை மட்டும் பிடுங்கிக்கொண்டு, தாலி கட்டிக்கொண்டவளிடம் சாவை மறைத்தாயிற்று. ஆனால் சொல்லியிருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மணி 5.32.

இயந்திரத்தின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். லினக்ஸ் போட்ட பழைய பெட்டி. வெட்டு வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். சுத்தமாகத் துடைத்திருந்தது. அன்றைக்கு ஒரு வேலைகூட நடக்காதது போலக் காலி. மூன்று மணி நேரம் ஓடின இயந்திரத்தில் காலிப் பட்டியலா? யாரோ துடைத்திருக்கிறார்கள். யாரென்று கம்ப்யூட்டர் சொல்லாது.

"அப்ப ஒண்ணும் கிடைக்காதா?" வெங்கடேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செல்வி ஒரு வரி தட்டினாள். திரையில் இரண்டு நேரம் வந்தது. ஒன்று 5.12. இன்னொன்று 12.02.

"அரே! ரெண்டுமே தப்பு. கடிகாரமே பைத்தியம் மேடம் இது."

"பன்னெண்டு ரெண்டு சரி சார். அது உள்ள பேட்டரியில ஓடுற கடிகாரம். உலகப் பொது நேரத்துல வச்சிருக்கு. அஞ்சரை மணி நேரம் கூட்டுங்க."

கூட்டினார். 5.32. போன் காட்டிய அதே நேரம்.

"அப்ப அஞ்சு பன்னெண்டு?"

"அதுதான் தப்பு. இருவது நிமிஷம் பின்னால நிக்கிது."

அந்தத் தப்பு அவள் கையால் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பெட்டி வெட்டும்போது நடுநடுவே உறைந்து போனது. உள்ளே நேரத்தை எண்ணும் நல்ல டைமர் கெட்டிருந்தது. மதர்போர்டையே மாற்றச் சொன்னாள். தளவாய் மாட்டேன் என்றார். வேறு வழியில்லாமல் ஆதிகாலத்து டைமர் ஒன்றை வைத்து ஓடும்படி செய்தாள். உறைவது நின்றது. ஆனால் லேசர் ஓடும்போது கம்ப்யூட்டருக்கு மூச்சுவிட நேரமில்லாமல் டைமரின் துடிப்புகளில் சிலதைத் தவறவிடும். தவறவிட்டது போனதுதான். ஒரு மணி நேரம் வெட்டினால் ஐந்து நிமிஷம் பின்தங்கும். சும்மா இருக்கும்போது பின்தங்காது. ராத்திரி அணைத்து, காலையில் போட்டால் பேட்டரி கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகிவிடும்.

"நெட் குடுங்க அண்ணாச்சி, தானா சரி பண்ணிக்கிடும்" என்று அன்றைக்குச் சொன்னாள். தளவாய் சிரித்தார். "கெடக்கட்டும்மா. பின்னால ஓடுறது நமக்கு நல்லதுதானே" என்றார். எட்டு மணிக்கு விட வேண்டிய பட்டறை திரையைப் பார்த்து எட்டே முக்காலுக்கு விட்டது. ஆட்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பட்டறை டைம் என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். செல்வியும் சேர்ந்து சிரித்தவள்தான்.

விசிறியைப் போட்டுவிட்டு, ஒரு தோல்துண்டை வைத்து பன்னிரண்டு நிமிஷம் லேசரை ஓட்டிப் பார்த்தாள். வித்தியாசம் இருபத்தொன்று ஆனது. பிறகு பன்னிரண்டு நிமிஷம் சும்மா விட்டாள். இருபத்தொன்றிலேயே நின்றது. காலையில் கம்ப்யூட்டர் உயிர்பெற்ற நேரத்தையும் பார்த்தாள். 9.45. தளவாய் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

"வாங்க சார், ஸ்டேஷனுக்குப் போவோம். அண்ணாச்சியும் வரட்டும்."

மணி 6.40.

ஸ்டேஷனில் வெங்கடேஷின் அறை. தளவாய் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசிமை வெளியே பெஞ்சிலேயே விட்டு, கதவைச் சாத்தினார்கள்.

"சார், வாசிம் யாரையும் உள்ள வச்சுப் பூட்டல" என்றாள் செல்வி. "அவன் பூட்டினப்ப பட்டறை காலி. அதுக்கப்புறம் ஒருத்தர் வந்து தெறந்து, சுரேந்திரன உள்ள விட்டு, மிசின ஓட்ட வச்சு, வெளிய பூட்டிட்டுப் போயிருக்காரு. அவரு இந்தா உக்காந்திருக்காரு."

"ஏ புள்ள! என்ன பேசுத நீ?"

"கடிகாரம் பேசுது அண்ணாச்சி. மணிக்கு அஞ்சு நிமிஷம் பின்தங்கும்னு ஒங்களுக்கே தெரியும். ஒம்பதே முக்கால்லேர்ந்து பன்னெண்டே முக்கால் வர மூணே மணி நேரந்தான். நிக்காம ஓட்டியிருந்தாலும் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாது. ஆனா இருவது நிமிஷம் பின்னால நிக்கிது. மிச்ச அஞ்சு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு? பூட்டின பட்டறைக்குள்ள லேசர் இன்னொரு மணி நேரம் ஓடியிருக்கு."

வெங்கடேஷ் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெட்டினது தோலும் இல்ல. சொல்யூஷன் நெடியில இரும்பு துருப்பிடிக்காது. ரெக்சின் பிளாஸ்டிக். அதக் கருக்கினா வர்ற புகை அமிலம். ரெண்டு மணி நேரத்துல புதுப் பூட்டையும் தின்னுரும். மனுசத் தொண்டைய விடுமா? டப்பாவப் பின்னால கொண்டாந்து வச்சிருக்கு."

"அவனே சாவி போட்டு உள்ள போயி ஓட்டியிருப்பான்!" என்றார் தளவாய்.

"வெளிய தொங்குற பூட்ட உள்ளேர்ந்து எப்பிடிப் பூட்டினான்? சரி, சாவியே விடுங்க. போனுக்கு வாங்க. காலையில போட்டது அப்பிடியே பெட்டியில கெடக்குன்னு சொன்னீயல்லா? பன்னெண்டு அம்பத்தொண்ணுக்கு அவன் பொண்டாட்டிகிட்ட மூணு நிமிஷம் பேசியிருக்கான். வாசிம் பூட்டினது நாப்பத்தேழுக்கு. அம்பத்துநாலுக்கு அவன் கையில இருந்த போன் திரும்பப் பெட்டிக்குள்ள போயி பூட்டியிருக்கு. அந்தச் சாவி இந்த பம்பாய்ல ஒருத்தர் இடுப்புலதான் தொங்குது."

தளவாயின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. வெங்கடேஷ் அதைப் பார்த்தார்.

பழக்க தோஷம் என்பது இதுதான். வேலைக்கு உள்ளே வருகிறவனிடம் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது தளவாய்க்குப் பத்து வருஷ வழக்கம். சாகப் போகிறவனிடமும் வாங்கிப் பூட்டினார். டப்பாவைத் திறந்து வைத்தார், பட்டியலைத் துடைத்தார், வெட்டின ரெக்சினை மூட்டை கட்டினார். போன் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு அது ஒரு காரியமாகவே தோன்றியதில்லை.

"ரெக்சின் மால் சாயங்காலம் டெலிவரி போகணும் சார்" என்றார் தளவாய் கடைசியில். குரலில் வருத்தத்தைவிடச் சலிப்புதான் இருந்தது. "ஊருக்குப் போக லீவு கேட்டான். இத முடிச்சிட்டு நாளைக்கே போலேன்னேன். சந்தோசமாத்தான் உள்ள போனான்."

"ஃபேன் சுவிட்ச் வெளியதானே இருக்கு? போட்டுத் தொலைச்சிருக்கலாமே!"

"ஜும்மா நேரம்லா சார். தொழுறவங்க மேல புகை அடிக்கலாமா? பாவம்லா."

வெங்கடேஷ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடித்துவிடுவாரோ என்று செல்வி பார்த்தாள். அவர் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"எப்ப தெறக்கறேன்னு சொன்னீர்?"

"ரெண்டு மணிக்கு."

வெளியே ரெண்டு அடித்தபோது உள்ளே திரையில் ஒன்று நாற்பது. போன் பெட்டியை நெம்பித் தோற்று, தொண்டை எரிய எரிய, இன்னும் இருபது நிமிஷம் பொறுத்தால் போதும் என்று அவன் எண்ணியிருப்பான். பொறுத்துப் பொறுத்தே, ஷட்டரைத் தட்டக்கூட நினைவில்லாமல் விழுந்திருப்பான். அந்த இருபது நிமிஷத்தை இந்த ஆள் திருடியிருந்தார். செல்வியும் கூடமாட இருந்திருக்கிறாள்.

"ரெண்டு மணிக்கு ஏன் தெறக்கல?"

"வந்தேன் சார். ரெண்டஞ்சுக்கு வந்துட்டேன். வாசிம் பய படியில உக்காந்திருந்தான். சோத்துப் பொட்டலத்த மடியில வச்சுக்கிட்டு. அவன் முன்னாடி எப்பிடித் தெறக்க? ஜும்மாவுல மிசின் ஓட்டினேன்னு பள்ளிவாசல் ஜமாத்துக்குத் தெரிஞ்சா நான் இந்தச் சந்துல தொழில் பண்ண முடியுமா? இப்ப எந்திரிப்பான், அப்ப எந்திரிப்பான்னு பாத்தேன். எதுத்த கடையில நாலு டீ குடிச்சேன். மூணேகாலுக்குத்தான் எந்திரிச்சுப் போனான்."

டாக்டர் சொன்ன நேரம் மூன்று பேர் மனதிலும் ஓடியது. ரெண்டஞ்சுக்கு ஷட்டர் தூக்கியிருந்தால் சுரேந்திரன் பிழைத்திருப்பான்.

மணி 7.30.

தளவாயை உள்ளே அனுப்பியாயிற்று. வெங்கடேஷ் எல்லாவற்றையும் மராத்தியில் எழுதி முடித்தார். வாசிம் முக்கிய சாட்சி. அவனுக்குப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

"அந்தப் படியில உக்காந்த விஷயம் வேண்டாம் சார். அத எடுத்துருங்க" என்றாள் செல்வி.

"எப்படி எடுக்கறது? கேஸே அதுலதான் நிக்கறது. தெரிஞ்சே விட்டான்ங்கறதுக்கு அதுதானே ஆதாரம்? அத எடுத்தா நாளைக்கே ஜாமீன்ல வெளிய வந்துடுவான்."

அவர் சொன்னது நியாயம்.

வாசிம் உள்ளே வந்தான். நாலு மணி நேரத்தில் நாலு வயது கூடினவன் போல இருந்தான். வெங்கடேஷ் காகிதத்தைச் செல்வி பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். கடையநல்லூரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வாசிம். போலீஸ்காரர் கையெழுத்து மராத்தி அவனுக்கு வெறும் கோடுகள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"நீ பூட்டினப்ப அவன் உள்ள இல்லன்னு எழுதியிருக்கு. அண்ணாச்சிதான் அப்புறம் உள்ள விட்டுப் பூட்டினாருன்னு எழுதியிருக்கு."

"என்னால இல்லையா?"

"இல்லடா."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நண்பனின் உடலைப் பார்த்ததிலிருந்து அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

"நான் மட்டும் அப்ப அங்க இருந்திருந்தா..." என்றான் விக்கலுக்கு நடுவே.

செல்வி பேனாவை அவன் விரலுக்குள் வைத்தாள். "போடு" என்றாள். அவன் தமிழில் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினான். எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெறி ஏறின மாதிரி ஒரு நிமிர்வு அவனிடம் வந்திருந்தது.

"கோர்ட்டுல இத முழுசா வாசிப்பாங்கள்லக்கா?"

"வாசிப்பாங்க."

"அன்னிக்கு லீவு போட்டுட்டு உம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். அந்த ஆளு என்ன செஞ்சாருன்னு ஒரு வார்த்த விடாம கேக்கணும். இந்தில மாத்திச் சொல்லச் சொல்லுங்க, எனக்குப் புரியிற மாதிரி."

"சொல்லுதேன்" என்றாள் இசக்கிசெல்வி.